அப்பாவுக்கு ஓசோன் ஏற்றலாமா?

குடியாத்தத்தை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

அப்பாவுக்கு வயது 57. லுங்கித் தறி ஓட்டுபவர். முப்பது வருஷப் பீடி, பத்து வருஷமாக வலது கன்னத்தில் ஹான்ஸ் அடக்கும் பழக்கம். அதே கன்னத்தில் ஆறாத புண் வந்து, வேலூரில் பயாப்ஸி எடுத்ததில் ஸ்குவாமஸ் செல் வகைப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஸ்கேனில் கட்டி 3.5 செ.மீ.; கழுத்தில் அதே பக்கம் 2 செ.மீ. நெறிக்கட்டி ஒன்று, நுரையீரலில் பரவல் இல்லை. மூன்றாம் கட்டம் என்று சொல்லி, கன்னத்திலும் கழுத்திலும் அறுவை, பிறகு ரேடியேஷன் என்று தேதியும் கொடுத்துவிட்டார்கள். ஹீமோகுளோபின் 9.2.

அதற்குள் தாய்மாமா, "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று வெளியூரில் உள்ள ஓர் ஓசோன் மையத்துக்கு அழைத்துப் போய்விட்டார். 30 சிட்டிங், ஒன்றுக்கு 6,000 ரூபாய், மொத்தம் 1,80,000. பாதியைக் கட்டியாகிவிட்டது. ஐந்து சிட்டிங் முடிந்திருக்கிறது. 150 மில்லி ரத்தத்தை எடுத்து, பிளாஸ்டிக் பையில் ஓசோன் கலந்து, திரும்ப ஏற்றுகிறார்கள். வீட்டில் தண்ணீரில் சொட்டு விட்டுக் குடிக்க 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பாட்டில். கூடவே டெக்ஸாமெத்தசோன், மெட்ரோனிடசோல் மாத்திரைகள். அப்பாவுக்கு வலி குறைந்து பசி எடுக்கிறது. "ஆக்சிஜன் குறைவால்தான் கேன்சர் வருகிறது என்று கண்டுபிடித்தவருக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்களாம். ஓசோனும் ஆக்சிஜன்தானே, கெடுதல் என்ன? பத்தில் ஒன்பது பேருக்குக் குணமாகும் என்கிறார்கள். அறுவை டாக்டர் எந்த உறுதியும் தரவில்லை. பயாப்ஸி முடிவு வந்து ஆறு வாரம் ஆகிறது. மீதி சிட்டிங்கையும் முடித்துவிட்டு அறுவைக்குப் போகலாமா?" என்பது அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்குப் போகுமுன் அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு குடிக்கிற பொருளே கிடையாது. புண் கழுவப் பயன்படுத்துவது 3 சதவீதம். இது அதைப்போல் பன்னிரண்டு மடங்கு. ஒரு மில்லி வயிற்றுக்குள் சிதைந்தால் நூறு மில்லிக்கு மேல் வாயு கிளம்பும். ஒரு மடக்கு, அதாவது 30 மில்லி, மூன்று லிட்டருக்கும் அதிகம். அந்த வாயு ரத்தக்குழாயில் குமிழியாக ஏறினால் மூளைக்கும் இதயத்துக்கும் போகிற ரத்தத்தை அடைத்துவிடும். தொண்டையும் இரைப்பையும் வெந்துபோவது தனி. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006லேயே இதைக் குடிக்கக் கூடாது என்று எச்சரித்தது. சொட்டுக் கணக்கில்தானே என்பார்கள். பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கிற பாட்டில், தாகத்தில் எழுந்த ஒருவர் கைக்கு நடுராத்திரியில் சிக்கினால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. இன்றே அப்புறப்படுத்துங்கள். கையுறை போட்டுக்கொண்டு, பெரிய வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஊற்றிவிடுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

இனி ஓசோன். மீதி 25 சிட்டிங்கை முடித்துவிட்டு அறுவைக்குப் போகலாமா என்றால், கூடாது. காரணத்தை விரித்தே சொல்கிறேன். மாமாவிடம் நீங்கள் பேச வேண்டியிருக்கும். "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார்" என்பது அவருக்குப் போதாது.

பை சிவப்பதன் கணக்கு

கறுத்த ரத்தம் பையில் ஓசோன் பட்டதும் பளிச்சென்று சிவந்ததை அப்பா வியந்து சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். யாருடைய ரத்தமானாலும் சிவக்கும். நரம்பில் எடுத்த ரத்தம், உடம்புக்கு ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற ரத்தம், அதனால் கறுப்பு. அதன் மேல் சாதாரண ஆக்சிஜனை ஊதினாலும் அதே சிவப்புத்தான். இதே வேலையை நுரையீரல் ஒரு நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தத்துக்குச் செய்துகொண்டிருக்கிறது, ரசீது போடாமல்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். நரம்பு ரத்தத்தில் முக்கால் பங்கு ஏற்கெனவே நிரம்பியே இருக்கிறது. கால் பங்குதான் காலி. அப்பாவின் 9.2 அளவில், 150 மில்லி ரத்தத்தில் அந்தக் கால் பங்கை நிரப்ப நாலரை மில்லி ஆக்சிஜன் போதும். ரத்த நீரில் கரைவது இன்னும் மூன்று மில்லிக்குச் சற்று மேல். ஆக எட்டு மில்லி. சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்பு நிமிஷத்துக்கு 250 மில்லி ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. எட்டு மில்லி என்பது இரண்டு வினாடிச் செலவு. அந்த இரண்டு வினாடிக்கு 6,000 ரூபாய்.

"நாங்கள் ஆக்சிஜன் தருவதில்லை, ஓசோன் தருகிறோம்" என்று மையத்தில் சொல்லலாம். அந்தக் கருவியிலிருந்து வரும் வாயுவில் ஓசோன் சில சதவீதம்தான்; மீதியெல்லாம் ஆக்சிஜன். அந்தக் கொஞ்ச ஓசோனும் ரத்தத்தைத் தொட்ட சில வினாடிகளில், அதிலுள்ள யூரிக் அமிலம், வைட்டமின் சி, கொழுப்புகளோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். ஓசோனாகவே பயணம் செய்து கன்னத்துக் கட்டி வரை ஒரு துளியும் போகாது.

ஓசோனில் இன்னொரு ஆக்சிஜன் அணு கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஓர் அணுதான் வம்பு. சாதாரண ரப்பரையே விரிசல் விடவைக்கிற அரிப்புத்தன்மை அதற்கு உண்டு. வேலையிடக் காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க வரம்பு, மூச்சில் போனால் நுரையீரலைப் புண்ணாக்கும் என்பதால். ஓசோன் சிகிச்சையை ஆதரித்து எழுதுபவர்களே பி.வி.சி. பை கூடாது, கண்ணாடி பாட்டில்தான் வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள், ஓசோன் பிளாஸ்டிக்கை அரித்து அதிலுள்ள ரசாயனங்களை ரத்தத்தில் இறக்கும் என்று. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது சாதாரண ரத்தப் பை. தங்கள் தரப்பு நூல்களைக்கூட அவர்கள் படித்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதியில், ஓசோன் ஒரு நச்சு வாயு, அதற்கென்று தெரிந்த மருத்துவப் பயன் ஏதும் இல்லை என்றே எழுதியிருக்கிறது. மையத்தில் 1980இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரையைக் காட்டியிருக்கிறார்கள். அது உண்மையான கட்டுரைதான். ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுச்செல்களை ஓசோன் கலந்த காற்றில் எட்டு நாள் வைத்தபோது வளர்ச்சி குறைந்தது. தட்டில் செல்கள்மேல் வாயு நேராகப் படுகிறது. மனிதக் கன்னத்துக்குள் அப்படிப் படுவதற்கு வழியில்லை. பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினாலும் அந்தத் தட்டில் செல்கள் சாகும். மனிதர்களில் ஓசோன் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக, ஒப்பிட்டுப் பார்த்து நிரூபித்த ஆய்வு கிடையாது.

நோபல் பரிசுக் கதை

இந்தக் கதையில் பாதி நிஜம். ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1931இல் நோபல் பரிசு பெற்றார். பரிசு, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் சுவாச நொதியைக் கண்டறிந்ததற்கு. புற்றுநோயின் காரணத்தைக் கண்டதற்கு இல்லை. புற்றுச்செல்கள் சர்க்கரையை நொதிக்கவைத்து வாழ்கின்றன என்பதையும் அவர்தான் 1920களில் கவனித்தார். அதில் முக்கியமான சங்கதியை மையத்துக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள்: சுற்றிலும் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே அவை அப்படிச் செய்கின்றன. ஆக்சிஜன் கொடுத்தால் செத்துவிடும் என்பதற்கு அதுவே எதிர்ச்சாட்சி. சுவாசம் கெடுவதே புற்றுநோயின் மூலகாரணம் என்று வார்பர்க் கடைசிவரை நம்பியது உண்மை. பின்னால் வந்த ஆய்வுகள் மரபணுக் கோளாறுகளையே மூலமாகக் காட்டின. அவர் கண்ட சர்க்கரைப் பசி மட்டும் இன்றைக்கும் பயன்படுகிறது. பெட் ஸ்கேனில் கதிர்வீச்சுச் சர்க்கரையை ஊசியில் ஏற்றி, எந்த இடம் அதை அதிகம் உறிஞ்சுகிறது என்று பார்ப்பது அந்தக் கவனிப்பின் பலன்.

ஆனாலும் கட்டிக்குள் ஆக்சிஜன் பஞ்சம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். கட்டி அவசரத்தில் வளர்வதால் ரத்தக்குழாய்கள் தாறுமாறாகக் கிடக்கும். குழாயிலிருந்து ஆக்சிஜன் கசிந்து போகக்கூடிய தூரம், ஒன்றிரண்டு தலைமுடிக் கனம், அவ்வளவுதான். அதற்கு அப்பால் இருக்கிற செல்கள் மூச்சுத்திணறிக் கிடக்கும். மோர்தானா அணை நிரம்பி வழிந்தாலும் வாய்க்கால் வெட்டாத கழனிக்குத் தண்ணீர் போகாது அல்லவா? அப்பாவின் விரலில் மாட்டிய கருவி 98 காட்டியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அணை நிறைந்துதான் இருக்கிறது. அணையில் இன்னொரு குடம் ஊற்றுவது பிரச்சினைக்குப் பதிலாகாது.

ரேடியேஷன் மருத்துவர்கள் இந்தப் பஞ்சத்தோடு எழுபது வருஷமாக மல்லுக்கட்டி வருகிறார்கள். ஆக்சிஜன் உள்ள செல்லைக் கொல்லத் தேவையான கதிர்வீச்சைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு, ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்லத் தேவைப்படும். 1955இலேயே லண்டனில் நோயாளிகளை உயர் அழுத்த ஆக்சிஜன் கூண்டுக்குள் வைத்துக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் ஓரளவு பலன் தெரிந்தது. கூடவே வலிப்பும் கடுமையான திசுச் சேதமும் வந்ததால் அது வழக்கமான சிகிச்சையாக நிலைக்கவில்லை. டென்மார்க்கில் நிமோரசோல் என்ற மாத்திரையைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் சோதிக்கப்பட்டது: 2003இல் வந்த ஜெர்மன் ஆய்வில் ஹீமோகுளோபின் ஏறியது, நோய்க் கட்டுப்பாடோ மோசமானது. யாராவது அந்த ஊசியை வாங்கிப் போடச் சொன்னால் போட்டுக்கொள்ள வேண்டாம். கொள்கை அழகாக இருந்தும் மனிதரிடம் பலிக்காமல் போகலாம், தலைகீழாகவும் ஆகலாம் என்பதற்காகத்தான் சோதித்துப் பார்க்கிறோம். ஓசோன் மையம் அந்தச் சோதனையைத் தாண்டாமலேயே ரசீதுக்கு வந்துவிட்டது.

அப்பா தானே செய்துகொள்ளக்கூடிய ஆக்சிஜன் வைத்தியம் ஒன்று இருக்கிறது: பீடியை விடுவது. பீடிப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும், ஏற்கெனவே 9.2 இருப்பவருக்கு அதிலும் ஒரு பங்கு வீண். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களைக் கவனித்த 1993ஆம் வருஷத்துக் கனடா ஆய்வில், சிகிச்சையின்போதும் புகைத்தவர்களில் 45 சதவீதத்தினருக்கே கட்டி முழுதாகக் கரைந்தது. விட்டவர்களில் 74 சதவீதம். இரண்டு வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 39க்கு 66. ஹான்ஸையும் சேர்த்து நிறுத்த வேண்டும். நிகோட்டின் இல்லாமல் முதல் வாரம் எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். வாயில் புண் இருப்பதால் நிகோட்டின் சூயிங்கம் வேண்டாம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அம்மா வீட்டிலேயே பீடி சுற்றுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். முறத்தை அப்பா கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுவது சின்ன விஷயம் போலத் தெரியும். அப்படி இல்லை.

வலி குறைந்தது எதனால்?

விடை உங்கள் சீட்டிலேயே இருக்கிறது. டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு, வீக்கத்தை வற்றவைக்கும், வலியைக் குறைக்கும், பசியைத் தூண்டும், ஒரு தெம்பைக் கொடுக்கும். மெட்ரோனிடசோல், அழுகிய புண்ணில் வளரும் கிருமிகளைக் கொன்று நாற்றத்தைப் போக்கும். இரண்டும் பழைய, மலிவான மருந்துகள். புண்ணின் மேல்தோற்றம் சுத்தமாகிவிட்டது. அடியில் கட்டி அப்படியே வளர்ந்துகொண்டிருக்கும். நல்ல பெயர் ஓசோனுக்குப் போய்விட்டது.

இதில் ஓர் எச்சரிக்கை. மூன்று வாரமாகத் தினமும் ஸ்டீராய்டு சாப்பிட்டிருக்கிறார். நீங்களாகப் பட்டென்று நிறுத்தாதீர்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு தூங்கிப்போயிருக்கலாம். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரியும், மயக்கம் வரும். அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து மருத்துவரிடமும் எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று மாத்திரை அட்டையோடு காட்டுங்கள். அவர்கள் படிப்படியாகக் குறைப்பார்கள், அல்லது அறுவையன்று ஊசியாகக் கொடுப்பார்கள். சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்து தடவை ரத்தம் வெளியே போய்த் திரும்பி வந்திருப்பதால், ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனையை இப்போதும் மூன்று மாதம் கழித்தும் செய்ய வேண்டும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள ஆண்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஓசோன் ஏறினால் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். அப்படி ஏதும் நடந்ததா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் இப்போது 9.2க்கும் கீழே இறங்கியிருந்தால் அந்தப் பரிசோதனையும் தேவை. வாயுவை நேராக நரம்பில் ஏற்றும் 'அடுத்த கட்டம்' பற்றி மையத்தில் பேசியிருந்தால், அது பக்கவாதத்திலும் சாவிலும் முடியக்கூடிய வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கத்தி பட்டால் பரவுமா? உறுதி ஏன் தரவில்லை?

பயாப்ஸியாலோ அறுவையாலோ வாய்ப் புற்றுநோய் பரவுவதில்லை. இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. முன்பெல்லாம் முற்றிப்போய்த்தான் வருவார்கள். அறுவைக்குப் பின்னும் நோய் திரும்பும். கத்தியின் மேல் பழி விழும்.

மூன்றாம் கட்டம் என்பது குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை கொடுக்கிற கட்டம். அறுவை மருத்துவர் உறுதி தராதது அவருக்கு நம்பிக்கை இல்லாததால் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து, விளிம்பில் நோய் இருக்கிறதா, எத்தனை நெறிக்கட்டி, அதன் உறையைக் கிழித்து வெளியே வந்திருக்கிறதா என்று தெரிந்த பிறகே அவரால் சொல்ல முடியும். "பத்தில் ஒன்பது" என்று சொன்னவர்களிடம் மாமா மூன்றே கேள்வி கேட்கட்டும்: அந்த ஒன்பது பேருக்கும் பயாப்ஸியில் நிரூபணம் உண்டா, எந்தக் கட்டம், எத்தனை வருஷம் பின்தொடர்ந்தீர்கள்? அதில் எத்தனை பேர் ஏற்கெனவே அறுவையோ கதிர்வீச்சோ எடுத்தவர்கள் என்பதையும் கேட்டால் இன்னும் நல்லது. குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் மாற்று வைத்தியத்தை மட்டும் எடுத்தவர்களை வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்ட யேல் பல்கலைக்கழக ஆய்வு 2018இல் வந்தது: இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு.

நாள் கணக்கு நெருக்குகிறது. வாய்ப் புற்றுநோயில் நோய் உறுதியானதிலிருந்து அறுவை வரை இரண்டு மாதத்துக்கு மேல் போனால் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. ஆறு வாரம் போய்விட்டது. பழைய ஸ்கேனை வைத்து இப்போது அறுக்க மாட்டார்கள், திரும்ப எடுக்கச் சொல்வார்கள், அதற்காகக் கோபப்படாதீர்கள். கட்டி தாடை எலும்பைத் தொட்டிருந்தால் திட்டமே மாறும்.

அறுவைக்குப் பிறகு

கன்னத்தில் எடுத்த இடத்தை மார்பிலிருந்தோ தொடையிலிருந்தோ சதை கொண்டுவந்து மூடுவார்கள். ஒன்றிரண்டு வாரம் மூக்குக் குழாயில் உணவு. கழுத்து நெறிகளை எடுக்கும்போது தோளுக்குப் போகும் நரம்பு இழுபடும். தறிவேலைக்குத் தோள்தானே மூலதனம், அதனால் வடிகுழாய் எடுத்ததுமே பிசியோதெரபி தொடங்கச் சொல்லுங்கள். வாய் மூன்று விரல் அளவு திறக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, வாரம் ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போகிற பயிற்சிக்குச் செலவே இல்லை.

ஊரில் 'கரண்ட் வைப்பது' என்கிறார்களே, அந்தக் கதிர்வீச்சை அறுவையிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். பொதுவாக 60 கிரே, 30 தவணை, திங்கள் முதல் வெள்ளி, ஆறு வாரம். சுடாது, வலிக்காது. மூன்றாம் வாரத்திலிருந்து வாய்ப்புண் வரும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து இரண்டு மணிக்கொரு தடவை கொப்பளிக்க வேண்டும். ஓசோன் எண்ணெய், ஓசோன் தண்ணீர் எதுவும் வாயில் பட வேண்டாம். நடுவில் புண் வலிக்கிறது, தீபாவளி வருகிறது என்று விடுப்பு எடுத்தால், சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய்க் கட்டுப்பாடு சுமார் ஒரு சதவீதம் குறையும். அறுவை அறிக்கையில் விளிம்பில் நோய் இருந்தாலோ நெறி உறை கிழிந்திருந்தாலோ சிஸ்பிளாட்டின் கீமோவும் சேரும்.

சொத்தைப் பல் இருந்தால் கதிர்வீச்சுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பிடுங்கிவிட வேண்டும். அறுவையின்போதே பிடுங்கிவிடுவது எளிது. கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகலாம்.

சென்னையில் பார்த்ததாக நீங்கள் எழுதிய ஆக்சிஜன் கூண்டு இங்கேதான் வருகிறது. வளிமண்டலத்தைப்போல் 2 முதல் 2.5 மடங்கு அழுத்தத்தில், ஒன்றரை மணி நேரம், 30, 40 நாள் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிப்பது. கதிர்வீச்சின் பின்விளைவாகச் சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிவதற்கு இது உதவுவது 2019இல் வந்த ஆய்வில் தெரிந்தது. அழுகிய தாடை எலும்புக்கும் சில இடங்களில் கொடுக்கிறார்கள். பல் பிடுங்குமுன் தடுப்பாகக் கொடுப்பதில் பலன் இல்லை என்று அதே வருஷம் இன்னோர் ஆய்வு சொன்னது. புற்றுநோயைக் குணப்படுத்த இதற்கு வேலையில்லை. அழகு நிலையங்களில் வைத்திருக்கும் 1.3 மடங்கு காற்றுப்பை இதன் பொம்மை. ஆக்சிஜன் ஏற்றிய குடிநீர் பாட்டில் அதைவிடப் பொம்மை: ஒரு லிட்டர் முழுக்கக் குடித்தாலும் ஒரு மூச்சில் உள்ளே இழுக்கும் அளவு ஆக்சிஜன் அதில் கிடையாது.

பணமும் உரிமையும்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அறுவைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதால் சேர்க்கைக்கு முன்பே முடித்துவிடுங்கள். வேலூரில் படுக்கை கிடைக்கத் தாமதமானால், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசுப் புற்றுநோய் மருத்துவமனையும் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும் இருக்கின்றன. புற்றுநோயாளிக்கும் உடன்போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு; மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓசோன் மையத்தில் 90,000 கட்டியதில் 30,000 ரூபாய்க்குத்தான் சிட்டிங் நடந்திருக்கிறது. மீதி 60,000 ரூபாயையும் சிகிச்சைக் குறிப்புகளின் நகலையும் கேட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்புங்கள். குறிப்புகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. "பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று ரசீதில் அச்சடித்திருப்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் வருஷத்து மருந்து மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டப்படி குற்றம். அவர்களுடைய துண்டுப் பிரசுரத்தைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள். இதையெல்லாம் அறுவை முடிந்த பிறகு செய்தாலும் போதும். இப்போது அலைய வேண்டிய இடம் அது இல்லை.

மாமாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். பயத்தில் செய்தார், கைக்காசையும் போட்டிருக்கிறார். அறுவைக்கு ரத்தம் கொடுக்க ஆள் கேட்பார்கள், பக்கத்தில் படுக்க ஆண்துணை கேட்பார்கள். அதற்கு அவரையே கூப்பிடுங்கள். அப்பாவிடம் நேராகவே பேசலாம். முகம் கோணுமா, மறுபடியும் தறியில் உட்கார முடியுமா என்பதுதான் அவர் மனசில் இருக்கும். அதை அறுவை மருத்துவரிடம் அவர் வாயாலேயே கேட்கவிடுங்கள்.

வரும் திங்கட்கிழமை காலை, பழைய வெளிநோயாளி அட்டை, பயாப்ஸி அறிக்கை, முடிந்தால் பயாப்ஸிச் சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக், ஸ்கேன் சி.டி., மாத்திரை அட்டைகள், ஓசோன் ஏற்றிய ஐந்து தேதிகள் எழுதிய தாள், இவற்றோடு அறுவைப் பிரிவுக்குப் போய், "தேதி தவறவிட்டுவிட்டோம், இடையில் இந்த வைத்தியம் செய்தோம்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு விழலாம். விழுந்தாலும் புதுத் தேதியை வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.